ராஸ்வெல்லில் மறைக்கப்பட்டது எது?

2023 ஜூலை 26 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்த டேவிட் கிரஷ், வான்படையிலும் உளவு அமைப்புகளிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவர். விழுந்து நொறுங்கிய வேற்றுலக ஊர்திகளை மீட்டு, பிரித்துப் பார்த்து, அவற்றின் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது என்று அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொன்னார். அது காங்கிரஸின் கண்ணில் படாமல் வைக்கப்பட்டிருக்கிறது என்றார். சில ஊர்திகளோடு மனித இனத்தைச் சேராத உயிரினங்களின் உடற்பொருள்களும் கிடைத்தன என்றார். அவரே எந்த ஊர்தியையும் பார்த்ததில்லை. 40-க்கும் மேற்பட்டவர்களிடம் நான்கு ஆண்டுகள் பேசித் திரட்டியதையே சொல்வதாக அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தச் சாட்சியத்தைக் கேட்டவர்கள் உடனே இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். எல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் ஒரு பக்கம். கடைசியில் உண்மை வெளிவந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் மறுபக்கம். இரு அணியினருமே தனித்தனியான இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள் என்பது என் கருத்து. அமெரிக்க அரசு வானத்தில் நடந்தவற்றைப் பற்றித் தன் மக்களிடம் மறைத்ததா, பொய் சொன்னதா என்பது ஒரு கேள்வி. அதற்கு ஆம் என்ற விடை ஆவணங்களோடு கிடைக்கிறது. மறைத்த பொருள் வேற்றுலகத்தைச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குக் கிடைத்திருக்கும் சான்றுகள் எல்லாம் இல்லை என்றே சொல்கின்றன. முதல் கேள்வியின் ஆம் என்ற விடைதான் இரண்டாவது கேள்விக்கும் ஆம் என்று மக்களை நம்பவைத்தது. அந்த நம்பிக்கை மறைப்பவர்களுக்கே இன்றுவரை பயன்பட்டுவருகிறது.

இந்தப் பிணைப்பு உருவான இடம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல். 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்டு என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். பறக்கும் தட்டு என்ற பெயர் அதையொட்டித்தான் பத்திரிகைகளில் பரவியது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், ஜூலை 8 அன்று, ராஸ்வெல் வான்படைத் தளத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி தளபதியின் உத்தரவின் பேரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பறக்கும் தட்டு ஒன்று தளத்தின் கைக்கு வந்திருக்கிறது என்றது அறிக்கை. அன்று உலகிலேயே அணுகுண்டு வீசப் பயிற்சி பெற்றிருந்த ஒரே படைப்பிரிவான 509-ஆவது குண்டுவீச்சுப் பிரிவு இருந்த தளம் அது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த அறிக்கை சில மணி நேரம்தான் நின்றது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருந்த மேலதிகாரி ஜெனரல் ராமி அன்று மாலையே நிருபர்களை அழைத்து, கிடைத்தது வானிலை பலூனும் ராடார் பிரதிபலிப்பானும்தான் என்று காட்டினார். சிதைவுகளைக் கண்டெடுத்த பண்ணை மேற்பார்வையாளர் சொல்லி, மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியான விவரம் இன்றும் அச்சில் இருக்கிறது. ரப்பர் துண்டுகள், ஈயத்தாள் போன்ற தகடு, தடித்த காகிதம், மெல்லிய குச்சிகள், பூ அச்சிட்ட ஒட்டு நாடா. எல்லாம் சேர்த்துச் சுமார் ஐந்து பவுண்டு எடை. உடல்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் ராஸ்வெல்லை யாரும் பொருட்படுத்தவில்லை. பறக்கும் தட்டு ஆர்வலர்களின் அந்தக் காலத்து எழுத்துகளில்கூட அதற்குப் பெரிய இடம் கிடையாது.

1978-இல் ஸ்டான்டன் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர், அன்று சிதைவுகளைச் சேகரித்த மேஜர் ஜெஸ்ஸி மார்செலைச் சந்தித்தார். தான் கையாண்ட பொருள் இந்த உலகத்தைச் சேர்ந்ததல்ல என்று மார்செல் சொன்னார். 1980-இல் சார்லஸ் பெர்லிட்ஸும் வில்லியம் மூரும் எழுதிய புத்தகம் அந்தப் பேச்சை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. புதிய சாட்சிகள் ஆண்டுதோறும் வந்தார்கள். விழுந்த இடங்கள் பெருகின, உடல்கள் சேர்ந்தன, பிணப்பரிசோதனைகள் சேர்ந்தன. நியூ மெக்சிகோவின் காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டீவன் ஷிஃப் அரசுக் கணக்காய்வு அலுவலகத்தின் விசாரணையைக் கோரிய பிறகுதான் வான்படை தன் ஆவணங்களைத் தோண்டியது. 1994-இல் அது சொன்ன விடை மொகல் திட்டம். மேல் வளிமண்டலத்தில் ஒலி அலைகள் வெகுதூரம் சிதறாமல் பயணிக்கும் அடுக்கு ஒன்று இருக்கும் என்று புவியியற்பியலாளர் மாரிஸ் யூவிங் கருதினார். அந்த உயரத்தில் ஒலிவாங்கிகளை நிறுத்தினால் சோவியத் ஒன்றியம் வெடிக்கும் முதல் அணுகுண்டின் ஓசையை அமெரிக்காவிலிருந்தே கேட்கலாம் என்பது திட்டம். நியூயார்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று ராஸ்வெல்லுக்கு மேற்கே உள்ள அலமகோர்டோவிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பலூன்களை வரிசையாகக் கட்டி, அவற்றோடு ராடார் பிரதிபலிப்பான்களையும் தொங்கவிட்டு அனுப்பியது. பலூனும் குச்சியும் தகடும் கடையில் வாங்கக்கூடிய பொருள்கள். எதற்காக அவை பறந்தன என்பது மட்டும்தான் ரகசியம். அந்த ரகசியம் ராஸ்வெல் தளத்தின் அதிகாரிகளுக்கே தெரியாது. பிரதிபலிப்பான்களின் விளிம்பில் ஒட்டப்பட்டிருந்த நாடாவில் பூவேலைப்பாடு இருந்ததை அந்தக் குழுவில் பணியாற்றிய சார்லஸ் மூர் நினைவுகூர்ந்தார். பண்ணைக்காரர் 1947-இல் சொன்ன பூ நாடாவும், சாட்சிகள் பிற்காலத்தில் புரியாத எழுத்துகள் என்று விவரித்ததும் இங்கே ஒன்றுசேர்கின்றன. ராஸ்வெல் சர்ச்சை முழுவதிலும் எனக்கு இதைவிட வலுவான சான்று தென்படவில்லை.

இந்த விடையில் குறை இல்லாமல் இல்லை. ராஸ்வெல்லில் விழுந்ததாகக் கருதப்படும் நான்காவது பலூன் வரிசையின் பறப்புப் பதிவு முழுமையாகக் கிடைக்கவில்லை. திட்டத்தின் கள இயக்குநர் ஆல்பர்ட் கிரேரியின் நாட்குறிப்பு ஜூன் 4 அன்று மேகமூட்டத்தால் பறப்பு இல்லை என்கிறது. அதே குறிப்பு, ஒலிவாங்கியோடு ஒரு பலூன் கொத்து மேலே அனுப்பப்பட்டதாகவும் சொல்கிறது. மறுப்பவர்கள் முதல் வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏற்பவர்கள் இரண்டாவதை. கணக்காய்வு அலுவலகம் 1995-இல் தந்த அறிக்கை இன்னொரு சந்தேகத்தை வளர்த்தது. ராஸ்வெல் தளத்திலிருந்து 1946 அக்டோபர் முதல் 1949 டிசம்பர் வரை வெளியே சென்ற செய்திகள் அழிக்கப்பட்டிருந்தன. யார் அதிகாரத்தில் அழித்தார்கள் என்பதற்குச் சரியான பதிவு இல்லை. இதைப் படிக்கும் யாருக்கும் சந்தேகம் எழுவது நியாயமே. ஆனால் அழிந்த கோப்பில் என்ன இருந்தது என்பதற்கு அழிந்துபோனது என்ற செய்தி சான்றாகாது. அதே அலுவலகம் கண்டெடுத்த எஃப்.பி.ஐ. தந்தி 1947 ஜூலை 8 அன்றே அனுப்பப்பட்டது. பலூனிலிருந்து தொங்கிய அறுகோணத் தட்டு என்றும், ராடார் பிரதிபலிப்பான் கொண்ட உயர்பறப்பு வானிலை பலூனை ஒத்தது என்றும் அது சொல்கிறது. தமக்குள் பேசிக்கொள்ளும்போதும் அவர்கள் பலூனைப் பற்றித்தான் பேசினார்கள். வான்படை இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1997-இல் அது இரண்டாவது அறிக்கை வெளியிட்டது. சாட்சிகள் கண்ட உடல்கள் பாராசூட் சோதனைக்காக உயரத்திலிருந்து போடப்பட்ட பொம்மைகள் என்றது. அந்தச் சோதனைகளோ 1950-களில் நடந்தவை. பல ஆண்டு இடைவெளியைச் சாட்சிகளின் நினைவுக் குழப்பம் என்று விளக்கியது சிலருக்குப் பொருந்தலாம். ஆனால் வலுவான விடையோடு பலவீனமான விடை ஒன்றைச் சேர்த்துக் கட்டியதால், முதல் விடையின் மீதிருந்த நம்பிக்கையையும் வான்படை இழந்தது.

இங்கே நின்று கவனிக்க வேண்டியது, 1947-இல் அரசு சொன்ன வானிலை பலூன் என்ற விளக்கம் முழு உண்மை அல்ல என்பதுதான். 47 ஆண்டுகள் அது திருத்தப்படவும் இல்லை. ஆகவே ஏதோ மறைக்கப்பட்டது என்று மார்செலும் மற்றவர்களும் உணர்ந்தது சரி. மறைக்கப்பட்டது என்னவென்று அவர்கள் ஊகித்ததுதான் தவறு. இதே நிகழ்வு இன்னும் பெரிய அளவில் திரும்பவும் நடந்தது. 1955-இல் நெவாடா பாலைவனத்தின் குரூம் ஏரியில் சி.ஐ.ஏ.வின் யு-2 உளவு விமானம் பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானங்கள் 20,000 அடி உயரத்தில் பறந்த காலத்தில் அது 60,000 அடிக்கு மேல் பறந்தது. சூரியன் மறைந்த பிறகும் அந்த உயரத்தில் வெளிச்சம் பட்டு அதன் இறக்கைகள் நெருப்பாய் மின்னின. விமானிகளும் பொதுமக்களும் வான்படைக்கு எழுதினார்கள். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த புளூ புக் திட்டத்தினர் யு-2 பறப்புப் பதிவுகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மையை மட்டும் எழுதியவர்களிடம் சொல்ல முடியவில்லை. பனிப் படிகம், வெப்பநிலை மாற்றம் என்று இயற்கைக் காரணங்களைச் சொல்லி அனுப்பினார்கள். உளவுத் துறை வரலாற்றாசிரியர் ஜெரால்டு ஹைன்ஸ் 1997-இல் இதை வெளியிட்டார். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த உளவு விமானங்களால் விளைந்தவை என்று அவர் சொன்ன மதிப்பீடு மிகை என்று விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் காரணம் தெரிந்தும் பொய்க் காரணம் சொன்னார்கள் என்பது பாதியா, கால் பங்கா என்ற கணக்கால் மாறிவிடாது. தான் கண்ணால் கண்டதை வெறும் பனிப் படிகம் என்று அரசு சொன்னால், அனுபவமுள்ள ஒரு விமானி அரசை நம்பமாட்டார். அவரது அவநம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. குரூம் ஏரித் தளம் ஏரியா 51 என்ற பெயரில் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற பிறகும், 2013-இல் வெளியான ஆவணத்தில்தான் சி.ஐ.ஏ. அதன் பெயரையும் இடத்தையும் தெளிவாக ஒப்புக்கொண்டது.

மறைப்பது ஒன்று, திட்டமிட்டுப் பொய்க்கதை புனைவது வேறு. அதுவும் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஒரு தொழில்முனைவர், கிர்ட்லண்ட் வான்படைத் தளத்தின் மேல் விசித்திர ஒளிகளைக் கண்டு, அங்கிருந்து வந்த வானொலிச் சமிக்ஞைகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். அவர் பதிவுசெய்தவை தளத்தின் ரகசியச் சோதனைகளோடு தொடர்புடையவை என்று தோன்றியதும், வான்படைப் புலனாய்வுப் பிரிவினர் அவரிடம் நேராகப் பேசி நிறுத்தியிருக்கலாம். அதை விடுத்து, அவர் ஏற்கெனவே நம்பத் தொடங்கியிருந்த வேற்றுக்கிரகவாசிகள் கதையை அவர்களே ஊட்டி வளர்த்தார்கள். அவர் மனநலம் குலைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதில் தனக்கும் பங்கு இருந்ததாக 1989-இல் லாஸ் வேகஸில் நடந்த பறக்கும் தட்டு ஆர்வலர் மாநாட்டில் ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் வேறு யாருமல்ல, ராஸ்வெல் கதையை மீட்டெடுத்த புத்தகத்தை எழுதிய வில்லியம் மூர். 1984 டிசம்பரில் அவருடைய நண்பரான தயாரிப்பாளர் ஒருவருக்கு அனுப்பியவர் பெயரில்லாத உறையில் வந்து சேர்ந்தவைதான் மெஜஸ்டிக்-12 ஆவணங்கள். ராஸ்வெல் ஊர்தியை ஆராய அதிபர் ட்ரூமன் பன்னிரண்டு பேர் குழுவை அமைத்ததாக அவை சொல்லின. எஃப்.பி.ஐ. விசாரித்து அவை போலி என்று குறித்துவைத்தது. அதில் இருந்த ட்ரூமன் கையொப்பம், அவர் 1947 அக்டோபர் 1 அன்று பொறியியலாளர் வானிவார் புஷ்ஷுக்கு எழுதிய உண்மையான கடிதத்தில் உள்ள கையொப்பத்தோடு கோடு மாறாமல் பொருந்தியது. ஒருவர் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்திட முடியாது; அது நகலெடுத்து ஒட்டப்பட்டது. போலியைச் செய்தவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆனால் இந்தத் துறையில் சுற்றிவரும் கதைகளில் எவை தானாக முளைத்தவை, எவை அரசின் கையால் விதைக்கப்பட்டவை என்று பிரித்தறிவது கடினம் என்பதை இந்த நிகழ்வுகள் காட்டுகின்றன.

கிரஷின் சாட்சியத்தை எடைபோடும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். இவ்வளவு உயர்ந்த பாதுகாப்பு அனுமதி பெற்ற அதிகாரிகள் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் எண்ணவில்லை. அவர் கேட்ட நாற்பது பேரும் உண்மையாகவே நம்பியிருக்கலாம். பென்டகன் 2022-இல் அமைத்த ஆய்வு அலுவலகமான ஆரோ, 1945 முதல் நடந்தவற்றை ஆராய்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை அந்த நம்பிக்கைகளின் வேரைத் தேடிப் போனது. சாட்சிகள் பெயர் சொன்ன திட்டங்களில் பல உண்மையிலேயே இருந்தவை; ஆனால் அவை மனிதத் தொழில்நுட்பம் சார்ந்த ரகசியத் திட்டங்கள். வேற்றுலக ஊர்தியைத் தொட்டதாகச் சொல்லப்பட்ட முன்னாள் அதிகாரியை விசாரித்தபோது, ராடாரில் சிக்காத எஃப்-117 விமானத்தைத் தொட்ட நிகழ்வைத்தான் யாரோ அப்படிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றார் அவர். ஒருவர் சொன்னதை மற்றொருவர் கேட்டு, அவரிடமிருந்து மூன்றாமவர் கேட்டு, கடைசியில் மூவரும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணப்படும் சுழற்சியையும் அறிக்கை விவரித்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2025 ஜூனில் வெளியிட்ட செய்தி இன்னும் ஆழமாகச் சென்றது. எஃப்-117 விமானத்தை மறைப்பதற்காக 1980-களில் ஏரியா 51-க்கு அருகே இருந்த மதுக்கடை ஒன்றில் பறக்கும் தட்டின் போலிப் படங்களைப் படை அதிகாரி ஒருவர் கொடுத்துவிட்டு வந்ததாக அது எழுதியது. சில ரகசியப் பிரிவுகளில் புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரிகளுக்கு ஈர்ப்பை எதிர்க்கும் ஊர்தியின் படம் ஒன்றைக் காட்டி, இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்ததாகவும், அது விளையாட்டு என்று அவர்களில் பலருக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை என்றும் அந்தச் செய்தி கூறியது. அப்படி ஏமாற்றப்பட்ட ஒருவர் காங்கிரஸின் முன் வந்து உறுதிமொழி எடுத்துச் சொன்னால் அவர் சொல்வது மனமறிந்த பொய் ஆகாது, உண்மையும் ஆகாது. பொய் கண்டறியும் சோதனையில்கூட அவர் தேறிவிடுவார்.

பென்டகனைப் பென்டகனே விசாரித்துத் தந்த நற்சான்றை எப்படி ஏற்பது என்ற எதிர்ப்பு நியாயமானது. பாதுகாப்புத் துறையில் உளவுப் பொறுப்பு வகித்த கிறிஸ்டோபர் மெலன் அந்த அறிக்கையில் பல பிழைகளையும் விடுபாடுகளையும் எடுத்துக்காட்டினார். ஆகவே அரசின் சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு, அரசின் கையில் இல்லாத சான்றுகளால் மட்டும் இந்தக் கூற்றைச் சோதிப்போம். நட்சத்திரங்களைக் கடந்து வந்த ஊர்தி ஒன்று 1947-இல் கைக்குக் கிடைத்திருந்தால், முக்கால் நூற்றாண்டில் அது அறிவியலில் ஏதாவது ஒரு தடம் பதித்திருக்க வேண்டும். பிலிப் கோர்சோ என்ற ஓய்வுபெற்ற படை அதிகாரி 1997-இல் எழுதிய புத்தகத்தில் அப்படிப்பட்ட தடங்களைப் பட்டியலிட்டார். ராஸ்வெல் சிதைவிலிருந்துதான் மின்னணுச் சில்லுகளும், லேசரும், ஒளியிழையும் வந்தன என்றார். இவற்றின் வரலாறு ஒவ்வொரு படியிலும் பதிவாகியிருக்கிறது. பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் 1947 டிசம்பரில் இயக்கிக்காட்டிய, சில்லுகளுக்கு அடிப்படையான முதல் டிரான்சிஸ்டர், போர்க்கால ராடாருக்காகத் தூய்மைப்படுத்தப்பட்ட ஜெர்மானியத்திலிருந்து வந்தது. அதற்கும் முன்பே, 1920-களில், ஜூலியஸ் லிலியன்ஃபெல்டு அதே நோக்கிலான கருவிக்குக் காப்புரிமை கோரியிருந்தார். லேசரின் அடிப்படையை ஐன்ஸ்டைன் 1917-இல் எழுதினார். டவுன்ஸ் 1954-இல் லேசரின் முன்னோடியான மேசரைச் செய்தார். மைமன் 1960-இல் முதல் லேசரை ஒளிரவைத்தார். வளைந்த கண்ணாடி இழைக் கற்றையின் வழியே படத்தைக் கடத்தி 1954-இல் கட்டுரை வெளியிட்டவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்து அங்கே படிக்கச் சென்ற நரிந்தர் சிங் கபானியும். ஒளியிழையைத் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தும் வழியைச் சார்லஸ் காவ் 1966-இல் காட்டினார். தோல்விகள், போட்டிகள், பாதி வழியில் கைவிட்ட முயற்சிகள் என்று மனித உழைப்பின் அடையாளங்கள் இவை எல்லாவற்றிலும் இருக்கின்றன. இந்த உழைப்பை வானத்திலிருந்து விழுந்த சிதைவுக்கு எழுதிவைப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி. எனக்கு இந்த விவாதத்தில் கோபம் வரும் இடமும் இதுதான்.

பொருளே சாட்சி சொல்லும் என்பது இன்னொரு சோதனை. ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகள் சூரியக் குடும்பத்தில் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் கலந்திருக்கின்றன. வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றி உருவான உலோகத்தில் அந்த விகிதம் மாறியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். விழுந்த ஊர்தியின் துண்டு என்று பல ஆண்டுகளாகக் கைமாறி வந்த மெக்னீசியம்-பிஸ்மத் அடுக்குத் தகடு ஒன்று இறுதியில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்துக்குப் போனது. அதன் மெக்னீசியம் பூமியின் மெக்னீசியமே என்று 2024-இல் வெளியான முடிவு சொன்னது. உண்மையாகவே வேற்றுலகப் பொருள் கிடைக்கும்போது என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அப்போலோ பயணிகள் கொண்டுவந்த 382 கிலோ நிலாக் கல்லும் மண்ணும் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023-இல் வந்த 121.6 கிராம் தூசு இப்போதும் ஆய்வுக் கட்டுரைகளை ஈன்றுகொண்டிருக்கிறது. விழுந்த ஊர்திகள் பல உண்டு என்பவர்கள் ஒரு கிராமைக்கூட இப்படி மேசைமேல் வைத்ததில்லை. ஊர்திகள் அமெரிக்காவில் மட்டும் விழ வேண்டிய காரணமும் இல்லை. உலகப் பரப்பில் அந்நாட்டின் பங்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு. மீதி 98 விழுக்காட்டில் கடலை ஒதுக்கினாலும், பிரேசில், இந்தியா, காங்கோ, இந்தோனேசியா என்று எத்தனையோ நாடுகளின் வயல்களிலும் காடுகளிலும் அவை விழுந்திருக்க வேண்டும். அங்கே முதலில் போய்ச் சேருபவர்கள் உள்ளூர் மக்கள். எந்த ரகசிய உறுதிமொழியிலும் கையெழுத்திடாதவர்கள். 1991-இல் சோவியத் அரசே கலைந்தது. அதன் உளவு ஆவணங்கள் விலைக்கு விற்கப்பட்ட காலம் இருந்தது. அங்கிருந்தும் ஒரு துண்டு வரவில்லை.

பெரிய ரகசியங்களை அரசுகள் நீண்டகாலம் காத்ததில்லையா என்று கேட்பவர்களுக்கு, காத்திருக்கின்றன என்றே பதில். அணுகுண்டுக்காக லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் விவரம் துணை அதிபராக இருந்த ட்ரூமனுக்கே தெரியாது. உளவுச் செயற்கைக்கோள்களை இயக்கும் தேசிய உளவு அலுவலகம் 1961-இல் தொடங்கியது. அது இருப்பதையே 1992-இல்தான் அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் இந்த ரகசியங்களை உற்றுப் பார்த்தால் அவை எதிர்த்தரப்பின் வாதத்துக்கு உதவவில்லை என்று தெரியும். அமெரிக்க மக்களிடம் மறைக்கப்பட்ட மன்ஹாட்டன் திட்டம், அதில் பணியாற்றிய இயற்பியலாளர் கிளாவுஸ் ஃபூக்ஸ் வழியாக மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தது. தொடங்கிய மூன்றே ஆண்டுகளில் திட்டத்தின் விளைவை ஹிரோஷிமா கண்டது. விழுந்ததை மீட்கும் ரகசியத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. 1968-இல் பசிபிக் கடலில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கி கே-129 சுமார் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது. பெருஞ்செல்வர் ஹவர்டு ஹியூஸ் கடலடித் தாதுக்களைத் தோண்டப் போகிறார் என்று கதை கட்டி, குளோமர் எக்ஸ்ப்ளோரர் என்ற பெருங்கப்பலைச் செய்து, 1974 கோடையில் சி.ஐ.ஏ. அதன் ஒரு பகுதியைத் தூக்கியது. எதிரியின் தொழில்நுட்பத்தை மீட்டுப் பிரித்துப் பார்க்கும் திட்டம் உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே சான்று. பணம் தண்ணீராய்ச் செலவானது. கப்பல் கட்டும் தளம் நிறைய ஆட்கள் வேலை செய்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் செய்தி பத்திரிகைகளில் வந்துவிட்டது. அதைப் பற்றித் தகவல் கேட்ட நிருபருக்கு, இருக்கிறதென்றும் சொல்லமாட்டோம், இல்லையென்றும் சொல்லமாட்டோம் என்று சி.ஐ.ஏ. தந்த பதில் சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது. இன்றும் அமெரிக்கத் துறைகள் அதே பதிலைத் தருகின்றன. குளோமர் பதில் என்றே அதற்குப் பெயர்.

மிஞ்சுவது விளக்கம் கிடைக்காத காட்சிகள். புளூ புக் திட்டம் 1969-இல் மூடப்பட்டபோது 12,618 புகார்களில் 701 விளக்கப்படாமல் நின்றன. 2021-இல் தேசிய உளவு இயக்குநர் அலுவலகம் பரிசீலித்த 144 நிகழ்வுகளில் ஒன்றுக்குத்தான் உறுதியான காரணம் கண்டது. 2004 நவம்பரில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானி டேவிட் ஃப்ரேவர் வானில் கண்ட விளங்காத பொருளைப் போன்றவை சிந்திக்கவைப்பவை. அவரை யாரும் ஏளனம் செய்வதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் விளக்கம் கிடைக்காத காட்சி ஒன்று, கிடங்கில் பூட்டப்பட்ட ஊர்தி வேறொன்று. வானில் கண்டது என்னவென்று தெரியவில்லை என்பதிலிருந்து, அது கீழே விழுந்தது, மீட்கப்பட்டது, மறைக்கப்பட்டது என்ற மூன்று படிகளையும் தாண்டுவதற்கு எந்தச் சான்றும் பாலம் போடவில்லை. பல வழக்குகள் தீராமல் நிற்பதற்குக் காரணம் தரவு போதாமையே என்று நாசா அமைத்த குழு 2023 செப்டம்பரில் சொன்னது. போர்விமானங்களின் கருவிகள் பதிவுசெய்த தரவு, அந்தக் கருவிகளின் திறனை எதிரி அறியக்கூடாது என்பதற்காகவே ரகசியமாகிறது. அதனால் வெளியில் இருக்கும் விஞ்ஞானிகள் விடை சொல்ல முடியாமல் போகிறது. இங்கும் மர்மத்தைப் பிறப்பிப்பது ரகசிய முத்திரைதான்.

அப்படியானால் காங்கிரஸ் இதில் நேரம் செலவிடுவது வீணா? இல்லை என்பதே என் நிலை. 2023 ஜூலையில் செனட்டர்கள் சக் ஷூமரும் மைக் ரவுண்ட்ஸும் கொண்டுவந்த சட்ட முன்வரைவு, கென்னடி கொலை ஆவணங்களுக்காக 1992-இல் இயற்றிய சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அரசுக்கு வெளியே இருந்து நியமிக்கப்படும் ஒன்பது பேர் கொண்ட குழு, அடையாளம் தெரியாத வான்பொருள்கள் பற்றிய ஆவணங்களைப் பரிசீலித்து, வெளியிடக்கூடியவற்றை வெளியிடவைக்கும் என்றது. அதே வரைவில், தனியார் நிறுவனங்களிடம் இருக்கக்கூடிய வேற்றுலகப் பொருள்களை அரசு கையகப்படுத்தும் பிரிவும் இருந்தது. ஆண்டிறுதியில் சட்டம் நிறைவேறியபோது குழுவும் இல்லை, கையகப்படுத்தும் பிரிவும் இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு தொகுப்பு அமைக்கும் கடமை மட்டும் மிஞ்சியது. இரண்டும் நீக்கப்பட்டதைப் பலர் வேற்றுலக ஊர்தி இருப்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். கையகப்படுத்தும் பிரிவு போனதால் இழப்பு ஒன்றுமில்லை; கையகப்படுத்த அங்கே எதுவும் இல்லை. பரிசீலனைக் குழு போனதுதான் பேரிழப்பு. சில ரகசியத் திட்டங்களைப் பற்றிக் காங்கிரஸின் எட்டுப் பேருக்கு மட்டும், அதுவும் எழுத்தில் இல்லாமல், வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்ற ஏற்பாடு இன்றும் இருக்கிறது. பென்டகன் 2018 முதல் தன் கணக்குத் தணிக்கையில் ஆண்டுதோறும் தவறிவருகிறது. கிரஷின் முறையீட்டில், தகவல் தகாத முறையில் காங்கிரஸிடமிருந்து மறைக்கப்பட்டது என்ற பகுதியை உளவு அமைப்புகளின் தலைமை ஆய்வாளர் நம்பத்தக்கது, அவசரமானது என்று கருதியதாக அவர் தரப்பு சொன்னது. அந்தப் பகுதிக்கு வேற்றுக்கிரகவாசிகள் தேவையில்லை. அது தனியாகவே விசாரணைக்கு உரியது. ஆனால் கேமராக்கள் அதைத் தாண்டி உடல்களைப் பற்றிய கேள்விக்கே போயின. மொகல் பலூனுக்கும், யு-2 பொய்களுக்கும், ஆல்புகர்க்கி மனிதர் அடைந்த துன்பத்துக்கும் பொறுப்பானவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இப்படித்தான் கேட்கப்படாமல் போனது. ஷூமரும் ரவுண்ட்ஸும் அந்த வரைவை அடுத்த முறை கொண்டுவந்தால், வேற்றுலகம் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு ஒன்பது பேர் குழுவை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். அதன் பரிசீலனைக்கு முதலில் போக வேண்டியவை, வானத்தில் பறந்த தன் சொந்த விமானங்களைப் பற்றி அரசு தன் மக்களுக்குத் தெரிந்தே பொய் எழுதிய கடிதங்களின் கோப்புகள்.